கச்சான் காலத்துத் தீன்

"அறுக்க ஒண்ணா காக்கா, அது செனை—"

"செனை எண்டு பாத்துக்கிட்டு நிண்டா ரூஹு பெய்த்துரும். செத்தத் திங்க ஏலுமா?"

"—சாகப்போற ஆடு இப்பிடித் தண்ணி குடிக்குமா?"

றமீஸா 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் அப்துல் கபூர் ஒரு பக்கம், தங்கை றமீஸா ஒரு பக்கம். நடுவே தகரக் கொட்டிலில் ஆடு வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது. வாவிக்கரை மணலை வறுத்தெடுக்கும் கச்சான் காற்று அடங்காத நாட்கள். ரூஹு பிரிந்து தானாகச் செத்தால் இறைச்சி ஹறாம். அதற்கு முந்தி அறுத்துவிட வேண்டுமென்று கபூர் இறைச்சிக்கடை அம்ஜதை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தார். றமீஸாவுக்கோ மாரி தொடங்குமுன் ஈன வேண்டிய அந்தக் குட்டியே கண்ணுக்குள் நின்றது.

ஆட்டின் இடது வயிற்றில் கையை வைத்தபடியே சண்டை பிடித்தவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. விடியற்காலையில் ஆடு நன்றாகத்தான் நிற்கிறது. உச்சி வெயிலில் தவிடும் புண்ணாக்கும் குழைத்து, வயிற்றில் குட்டி இருக்கிறதே என்று அவளே நயந்து ஊட்டிவிட்ட பிறகுதான் மூச்சு வாங்குகிறது. அதைச் சொன்னதும் கபூர் சிரித்துவிட்டார். தின்றதால் சூடு வருமா என்று கேட்டார்.

"பகல்ல புரியாணியத் திண்டுபோட்டு, சட்டையக் கழட்டி எறிஞ்சி, வேர்த்துக் கிடக்கிறது ஆரு?"

அம்ஜத் வரும்வரை என்று தவணை வாங்கிக்கொண்டு, றமீஸா ஆட்டை அவிழ்த்து வாவியோரப் பூவரச நிழலுக்குக் கொண்டுபோனாள். மணலை நனைத்தாள். தண்ணீர் வைத்தாள், தீன் ஒரு பிடியும் வைக்கவில்லை. தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்ற கபூர், கொஞ்ச நேரத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டின் விலா ஏறி இறங்குவதையே பார்த்திருந்தார்.

வெயில் சாய்ந்து கடற்காற்று திரும்பியது. ஆடு வாயை மூடிக்கொண்டது. கத்திப் பையோடு அம்ஜத் வந்து இறங்கியபோது அதன் தொண்டையில் ஏதோ உருண்டு மேலேறியது. பிறகு நிதானமாக அசைபோடத் தொடங்கியது. றமீஸா நீட்டிய பூவரசங் குழையையும் வெடுக்கென்று இழுத்தது. அம்ஜத் ஆட்டைப் பார்த்தார், கபூரைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கபூர் எழும்பி வந்து தானும் அந்த வயிற்றில் கையை வைத்தார். எவ்வளவு நேரமாகியும் எடுக்கவில்லை.

"அப்ப அடுப்பு உள்ளுக்குள்ளதான் எரியுது புள்ள, தீன்தான் விறகு. வெளியில சூடு கூடினா, அதுவாவே விறகக் குறைச்சிக்கிது. நீ விடாம அள்ளிப் போட்டிரிக்காய்."

றமீஸா கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இனி அந்தி சாய்ந்துதான் தவிடு. தகரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு போட வேண்டும்.

"அப்ப மாரி மழையில குட்டியோட நனைஞ்சி நடுங்கக்குள்ள, சூட்டுக்காகவே கூடுதலாத் திங்குமோ காக்கா?"