பழுது என்று எழுதிய கார்பரேட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து வந்தது. 2002 ஜனவரி. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு கடலோர விடுதியில் நான் ஸ்டோர் கீப்பர். ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'புல் வெட்டும் மெஷின் ஓடவில்லை. கார்பரேட்டர் பழுது. காரணம், ஆபரேட்டரின் கவனக்குறைவு.'

ஆபரேட்டர் ஒரு பெண். வேண்டா என்பது அவள் பெயர். அதற்கப்புறம் பதினோரு சிறுகதை எழுதிவிட்டேன், ஒன்றாலும் ஒரு துரும்புகூட அசையவில்லை. அந்த மூன்று வரி மட்டும் உடனே பலித்தது.

2

தொடக்கம் ஒன்று: 'அன்று கடல் அமைதியாக' — வேண்டாம், கடல் தன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

தொடக்கம் இரண்டு: 'வேண்டா ஒரு பாவப்பட்ட' — அடித்துவிட்டேன். யார் பாவம்? பதினெட்டுப் பெண்கள் குனிந்து களை பிடுங்குகிற தோட்டத்தில் நிமிர்ந்து நடந்து வேலை பார்த்தவள் அவள் ஒருத்திதான். மெஷின் கையை விட்டுப் போனால் அவளும் குனிய வேண்டும். இதென்ன பெரிய விஷயம் என்பவர்கள் ஒரு நாள் முழுக்கக் குனிந்துவிட்டு வந்து மேலே படிக்கலாம்.

3

ஐப்பசி மழைக்கு மெஷினை ஷெட்டில் போட்டுப் பூட்டினோம். டேங்க்கில் இருக்கிற பெட்ரோலை வடித்துவிடணும், விட்டால் பிசினாகி கார்பரேட்டரை அடைத்துக்கொள்ளும் என்று வேண்டா இரண்டு தரம் வந்து சொன்னாள். சாவி என்னிடம். பார்த்துக்கலாம் என்றேன். (இந்தப் 'பார்த்துக்கலாம்' மூன்று வரித் தாளில் கிடையாது.)

பொங்கலுக்கு முன்னால் வெளியே எடுத்தோம். கயிற்றை எத்தனை இழுத்தும் மெஷின் இருமிவிட்டு நின்றது. யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்டார் மேனேஜர் கோபாலகிருஷ்ணன். அந்த மூன்று வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்துவிட்டு, புது கார்பரேட்டர் வாங்கலாம், இனிமேல் காண்ட்ராக்டரின் ஆள் ரஞ்சித்குமார் ஓட்டட்டும், வேண்டா களைக்குப் போகட்டும் என்றார்.

4

இந்தப் பகுதியைப் படித்த ஒரு பத்திரிகை ஆசிரியர், ஒரு பெண் கார்பரேட்டர் கழட்டுவது நம்பும்படி இல்லை, புருஷனை மெக்கானிக் ஆக்கிவிடுங்கள் என்று எழுதினார். முடியாது ஐயா. அவள் புருஷன் முனிசாமிக்கு சைக்கிள் செயின் மாட்டவே வராது.

மறுநாள் காலை வேண்டா ஷெட் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திருகி எடுத்தாள். உள்ளே பிசின் பிடித்திருந்தது. நடுவில் இருந்த ஜெட்டைக்* கழட்டினாள். குத்திவிடு என்று ரஞ்சித்குமார் ஊசியை நீட்டினான். ஊசி விட்டால் ஓட்டை பெருத்துவிடும் என்று அவன் கையைத் தள்ளிவிட்டாள். கரையில் வலை பின்னுகிறவர்களிடம் கேட்டு வாங்கிய தங்கூஸ் என்கிற மெல்லிய நைலான் நரம்பை ஓட்டையில் விட்டு நாலு முறை இழுத்தாள். பெட்ரோலில் அலசி, ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து மாட்டினாள். மூன்றாவது இழுப்பில் மெஷின் ஓடியது.

* ஜெட்: கொண்டைக்கடலை அளவு பித்தளைத் திருகு. நடுவில் முடி நுழைகிற ஓட்டை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகணும். (அடிக்குறிப்புதானே என்று தாண்டாதீர்கள், கதையே இதில்தான் இருக்கிறது.)

5

இங்கே முடித்தால் ஏதாவது போட்டியில் ஆறுதல் பரிசு கிடைக்கும். ஆனால் மேனேஜர் வந்தார். ஓடுகிற மெஷினைப் பார்த்தார். சந்தோஷம் என்றார். ரஞ்சித்குமாரிடம் கொடுத்துவிடச் சொன்னார். எழுதினது எழுதினதுதானாம்.

வேண்டா மெஷினை நிறுத்தினாள். கிண்ணத்தைத் திரும்பக் கழட்டி, ஜெட்டை எடுத்துக்கொண்டு, கிண்ணத்தை மூடினாள். நேரே ஸ்டோருக்கு வந்து என் மேசையில், மேனேஜர் பார்த்துத் திருப்பி அனுப்பிய என் தாளின் மேலேயே அதை வைத்தாள்.

"பழுதுன்னு எழுதிக்கீறியே சார். பழுதாவே கெடக்கட்டும்."

களைக்கும் அவள் போகவில்லை, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். நான் எழுந்து மேனேஜரிடம் போய், சாவி என்னிடம்தான்

(இந்த வாக்கியத்தை ஏழு வருஷமாக முடிக்கப் பார்க்கிறேன்.)

6

முடிவுகள். அ: புது கார்பரேட்டர் வந்தது, அடுத்த மழைக்கு அதுவும் அடைத்துக்கொண்டது. ஆ: மேனேஜர் ஆள் அனுப்பி வேண்டாவைத் திரும்பக் கூப்பிட்டார். இ: அவள் சொந்தமாக

ஆசிரியருக்கு ஆ பிடிக்கும். தர மாட்டேன். ஜெட் இன்னும் என் பேனா டப்பாவில்தான் இருக்கிறது.

போன மாதம் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் வேண்டாவைப் பார்த்தேன். உன்னைப் பற்றித்தான் கதை எழுதுகிறேன், முடிவை நீயே சொல்லு என்றேன். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன் பக்கத்த எழுது சார். என்னியப் பத்தி நீ ஒரு தபா எழுதினதே போதும்."

ஆகவே அவள் முடிவு இந்தக் கதையில் கிடையாது. வேண்டுமென்றால் அவளிடமே போய்க் கேளுங்கள். என் மூன்று வரியை மட்டும் திருத்தித் தருகிறேன்:

புல் வெட்டும் மெஷின் ஓடவில்லை. பெட்ரோலை வடிக்கச் சொன்னவர் வேண்டா. சாவியை வைத்துக்கொண்டு வடிக்காமல் விட்டவன் நான்.