வெயில் மெசேஜ்

...எடுக்க மாட்டேன், அவர் தலைகீழாக நின்றாலும் எடுக்க மாட்டேன், வேண்டுமானால் என்னை வேலையை விட்டு எடுக்கட்டும், அந்த வெயில் மெசேஜை மட்டும் என் கையால் எடுக்க மாட்டேன்... பஸ் இன்னும் வரவில்லை. காலையில் போன் பண்ணி எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார் கொளஞ்சிநாதன் சார், "மழ மெசேஜ் இருக்கட்டும்மா, வெயில் மெசேஜ எடுத்துடு, அது வந்தாலே ஆளுங்க எல்லாம் நெழல்ல போயி குந்திக்கினு இருக்குதுங்க" என்று, ஏதோ சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையை எடுத்துப் போடச் சொல்வதுபோல. மதியம் வந்ததும் முதல் வேலை அதுதானாம். சரி சார் என்று நான் சொல்லவில்லை, முடியாது சார் என்றும் சொல்லவில்லை, ம் என்றேன். அந்த ம் இப்போது என்னைத் தின்கிறது. ம் என்றால் சரி என்றுதானே அவர் எடுத்துக்கொண்டிருப்பார்? முதலாளிகள் காதில் எல்லா ம்மும் சரிதான். சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சொன்னதச் செஞ்சிட்டுப் போயேன் ஹரிணி, உனக்கெதுக்கு வம்பு" என்றார். அவருக்கென்ன, நெய்வேலி மைன்ஸில் பெர்மனென்ட், சண்முகசுந்தரம் என்று பெயர் போட்ட குவார்ட்டர்ஸ், வாசலில் வேப்பமரம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு கல் யார்டில் கம்ப்யூட்டர் பார்க்கிற மகளுக்கு வம்பு எதற்கு... ஏன், எனக்கு மட்டும் வம்பு வரக்கூடாதா?

பஸ் வந்துவிட்டது, ஜன்னலோரம் கிடைத்தது. மழைக்கு இதே கொளஞ்சிநாதன் சார் என்ன குதி குதித்தார், அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது. ஃபிளை ஆஷ் கல், அதாவது நிலக்கரிச் சாம்பலில் செய்கிற செங்கல், மெஷினிலிருந்து இறங்கியதும் காய வேண்டும், அதற்குள் மழை பிடித்தால் ஓரமெல்லாம் கரைந்து டீயில் நனைந்த பிஸ்கட்டாகிவிடும், போன ஐப்பசியில் அப்படி எவ்வளவு போயிற்று. அப்போதுதான் நான் உட்கார்ந்து வானிலை சொல்கிற ஒரு தளத்தையும் எங்கள் யார்டு வாட்ஸ்அப் குரூப்பையும் கோத்துவிட்டேன், நடுவில் ஒரு ஆட்டோமேஷன், மழை வரும் என்று அங்கே தெரிந்தால் யாரும் தொடாமலே இங்கே தார்ப்பாய் போடுங்க என்று மெசேஜ் விழும், லோடு எடுக்க வரும் டிரைவர்களுக்கும் கல் கேட்டிருப்பவர்களுக்கும் இன்னிக்கு லேட்டாகும் என்று தனித்தனியாகப் போகும். முதல் தடவை மெசேஜ் வந்து, தார்ப்பாய் போட்டு, அடுத்த நிமிஷம் சடசடவென்று பெய்தபோது எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். ஹரிணி மாதிரி ஒரு பொண்ணு உண்டா என்று சூப்பர்வைசர் கருணாகரன் எதிரிலேயே சொன்னார். அந்தப் பால்கோவாவை நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன்... சித்திரை பிறந்ததும் அதே ஆட்டோமேஷனில் இன்னொரு கிளை வைத்தேன், வெயில் நாற்பதைத் தாண்டினால் நிழலுக்குப் போங்க, தண்ணி குடிங்க என்று போகட்டும், அவ்வளவுதான். அவரைக் கேட்காமல் வைத்தேன், ஆமாம், கேட்டிருந்தால் விட்டிருப்பாரா? கல்லுக்குச் செய்ததைத்தானே ஆளுக்கும் செய்தேன். கல் நனையக்கூடாது, ஆள் காய்ந்து போகலாமா சார்? இதைக் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும். இன்றைக்குக் கேட்பேன், முகத்துக்கு நேராகக் கேட்பேன்.

கேட்டால் என்ன சொல்வார் என்றும் தெரியும், காலையிலேயே சொல்லிவிட்டாரே. "நேத்து உன் மெசேஜே வரல, செங்கமலம் விழுந்துச்சா இல்லியா? காலையில சாப்புடாம வந்திருக்கும். மெசேஜுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" அங்கேதான் என் வாய் அடைத்தது, அங்கேதான் அந்த ம் வந்தது. நேற்று ஏன் வரவில்லை? செங்கமலம் அக்கா கல் தூக்கிக்கொண்டு போகும்போதே கண் இருண்டு விழுந்திருக்கிறார், தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம், நான் நேற்று லீவு, வீட்டில் இருந்தேன். ராத்திரி ஆட்டோமேஷனைத் திறந்து பார்த்தேன், எங்கும் அறுந்து போகவில்லை, அரைமணிக்கு ஒரு தரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது, வெயில் நாற்பதைத் தொடவே இல்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் சார் சொல்வது சரியா, சாப்பிடாமல் வந்துதான் விழுந்தாரா? நேற்று எங்கள் வாசலில் நின்றபோது எனக்கே ஒன்றும் அப்படிச் சுடவில்லையே... இல்லை, சார் சொல்வது சரியாக இருக்க முடியாது, சரியாக இருந்தாலும் எடுக்க மாட்டேன், ஒரு நாள் வரவில்லை என்றால் மறுநாளும் வேண்டாமா? ரோடு முழுக்க நிழல், புளியும் தூங்குமூஞ்சியும் இருபுறமும் கை கோத்துக்கொண்டு நிற்கின்றன, டவுன்ஷிப் பிளாக் பிளாக்காகப் போய்க்கொண்டே இருக்கிறது, ஜன்னலில் காற்று நன்றாகத்தான் வருகிறது, பக்கத்தில் ஒரு அம்மா தூங்கிக்கொண்டே வருகிறார்.

டவுன்ஷிப் எல்லை தாண்டியதும் மரம் நின்றுபோனது. ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன், தினமும் இந்த இடத்தில்தான் எடுத்துக்கொள்கிறேன், தினமும்... மந்தாரக்குப்பத்தில் இறங்கினால் அனல் முகத்தில் அடித்தது, யார்டுக்குள் நுழைந்தால் இன்னும் மோசம், கீழே சாம்பல் வெள்ளையாகத் தகிக்கிறது, செருப்பு வழியாக ஏறுகிறது, இத்தனை மாதமாக கேட்டிலிருந்து ஆபீஸ் ரூம்வரை ஓட்டமாக ஓடிவிடுகிறேன் என்பது இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது. இன்று ஓடவில்லை. அடுக்கி வைத்த கல்லுக்கு நடுவில் செங்கமலம் அக்கா நின்றார், தலையில் ஈரத்துண்டு, இன்றைக்கும் வந்துவிட்டார், வராமல் என்ன செய்வார். காலில் சிராய்ப்பு. நேற்று சாப்பிடாம வந்தீங்களாக்கா என்று கேட்டேன், சார் சொன்னதையே நானும் கேட்கிறேனே என்று கேட்டு முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது.

"நல்லாத்தான் பாப்பா சாப்ட்டுட்டு வந்தேன்" என்றார் அக்கா. "காலைலேர்ந்தே தல சுத்திக்கினுதான் இருந்திச்சி. போன எடுத்து எடுத்துப் பாத்தேன், மெசேஜ் வரல. செரி, இன்னிக்கு அவ்ளோ வெயிலு இல்ல போலக்கிது, எனக்குத்தான் ஒடம்பு முடியலன்னு நெனச்சிக்கினு கல்லத் தூக்கினேன்."

வெயிலில் நின்றுகொண்டு வெயில் இல்லை என்று நினைத்தாராம். ஏன் என்றால் நான் சொல்லவில்லையாம். போனை எடுத்தேன், ஆட்டோமேஷனைத் திறந்தேன், முப்பத்தேழு என்கிறது. இங்கேயா, இதுவா முப்பத்தேழு? எந்த இடத்து வெயில் என்று தட்டிப் பார்த்தேன், வரைபடம் விரிந்தது, சின்னச் சிவப்புப் புள்ளி... எங்கள் பிளாக், எங்கள் தெரு, எங்கள் வீடு. வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதைச் செய்தேன், நீங்கள் இருக்கும் இடத்தையே வைத்துக்கொள்ளலாமா என்று அந்தத் தளம் கேட்டது, ஆமாம் என்று அமுக்கினேன், நெய்வேலிதானே, எல்லாம் ஒன்றுதானே. மழைக்கு எந்தக் குறையும் வரவில்லை, மழை அங்கேயும் பெய்யும் இங்கேயும் பெய்யும். புள்ளியை இழுத்து யார்டின்மேல் வைத்தேன், எண் மாறவில்லை, அருகிலுள்ள நிலையம் என்று போட்டு எங்கள் பிளாக்கில் யாரோ தோட்டத்தில் வைத்திருக்கும் வெப்பம் அளக்கும் கருவியைத்தான் காட்டியது, மந்தாரக்குப்பத்தின் வெயிலை யாருமே அளந்து வைக்கவில்லை.

போன் அடித்தது, கொளஞ்சிநாதன் சார். எடுத்துட்டியாம்மா என்றார்.

"எடுக்க மாட்டேன் சார்."

"நேத்து வராத மெசேஜுக்கா இவ்ளோ வீம்பு? அப்ப நாளைலேர்ந்து நீ வரவேணாம்" என்று வைத்துவிட்டார். வீம்புதான். வீம்பு பிடிக்கத் தகுதி இருக்கிறதா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குரூப்பைத் திறந்து என் விரலால் தட்டினேன், வெயில் அதிகம், எல்லாரும் நிழலுக்குப் போங்க, தண்ணி குடிங்க, அனுப்பினேன். யார்டு முழுக்க இடுப்பிலும் பையிலும் ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்டது. தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்த கருணாகரன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகர்ந்து இடம் விட்டார். செங்கமலம் அக்கா முந்தானையில் கையைத் துடைத்து, போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார், படித்த பிறகுதான் கல்லை விட்டு நகர்ந்தார். எதிரிலேயே நிற்கிறேன், வாயால் சொல்லியிருக்கலாம், சொன்னால் நம்பியிருப்பாரோ என்னவோ. "பாத்தியா பாப்பா, இன்னிக்கு கரெக்டா வந்துடுச்சி" என்று சிரித்துக்கொண்டே நிழலுக்குப் போனார். நாளைக்கும் பார்ப்பார், விரலால் தட்டி அனுப்ப நான் இருக்க மாட்டேன். நான் போனை அணைக்காமல் அங்கேயே நின்றேன், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இப்போதும் முப்பத்தேழுதான்.