‘ஆந்தி’யைப் பாடிய ஆள்

இரண்டு வருடமாக சுபிக்ஷாவுக்கு ஒரே ஆளின் நினைப்புதான். அவர் பெயர் தெரியாது, முகம் தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம் குரல் மட்டும்: அடித்தொண்டையிலிருந்து, தூக்கம் கலையாதவர்போல இழுத்து இழுத்துப் பாடும் ஆண்குரல்.

ஜும்மா மசூதிப் பக்கம் பழைய இசைத்தட்டு விற்பவரிடம், ஏதோ பஜனைப் பாட்டு உறைக்குள் சொருகிக் கிடந்தது அந்தச் சின்னத் தட்டு. 1974-ஆம் வருடம். நடுவில் ஒட்டிய காகிதத்தில் ‘ஆந்தி’ (புழுதிப் புயலுக்கு இந்திச் சொல்) என்று பாட்டின் பெயர், 33 என்று தட்டு சுழல வேண்டிய வேகம், கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பு முகவரி ஒன்று. பாடியவர் பெயர் மட்டும் இல்லை. தமிழும் இந்தியும் கலந்த பாட்டு. கிட்டார் ஊளையிட, டிரம்ஸ் நிதானமாக இடிக்க, தில்லியின் புழுதிப் புயல் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மறந்துபோன ராக் தட்டுகளைத் தேடி மறுபதிப்புச் செய்வதுதான் அவள் தொழில். பாட்டில் அரை நிமிடத்தை இணையத்தில் போட்டாள். அவ்வளவுதான், ஜெர்மனியிலிருந்து ஜப்பான் வரை பிய்த்துப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஆளுக்கு ‘தில்லிப் பூதம்’ என்று பட்டமே வைத்தாயிற்று. நானூறு பேருக்கு மேல் முன்பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் பூதத்தின் கையெழுத்து இல்லாமல் தட்டு அச்சாகாது. கமுக்கமாக அச்சடித்து விற்கிற கூட்டத்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முகவரியிலிருந்த குடியிருப்பில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கிட்டாரும் டிரம்ஸும் வாசித்த தமிழர்கள் தேவாலயத்தில் பழகியவர்களாக இருக்கலாம் என்று ஊகித்து, தமிழ்ப் பூசை நடக்கும் தேவாலயம் தேவாலயமாக விசாரித்ததில், டிரம்ஸ் வாசித்த மைக்கேல் கிடைத்தார். எங்கே? மயூர் விஹாரில், சுபிக்ஷா பிறந்து வளர்ந்த அடுக்ககத்துக்கு அடுத்த அடுக்ககத்தில்! உலகம் பூராவும் வலை போட்டவளுக்கு வெட்கமாகவே இருந்தது.

“பாடின ஆளு எங்கூடத்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம வாங்க” என்றார் போனில்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குக் இசைத்தட்டு ஓடவிடும் சின்னப் பெட்டியோடு ஏறினாள். கூடத்தில் குளிர்கால வெயில் விழும் இடத்தில் ஒரு பெரியம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். “எங்கக்கா, இருதயம்மாள். ஆஸ்பத்திரில ஹெட் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ” என்றார் மைக்கேல். சுபிக்ஷா கும்பிட்டுவிட்டு உள்ளறைக் கதவையே பார்த்தாள்.

“அங்கிள், அவரு உள்ள இருக்காரா?”

“எவரு? மொதல்ல பாட்டப் போடுங்க. கேட்டு அம்பது வருசமாச்சு. எங்ககிட்ட ஒரு காப்பிகூட இல்ல.”

முள் இறங்கியது. கிட்டார் ஊளையிட்டது, பூதம் பாடத் தொடங்கியது. மைக்கேலின் முகம் கோணியது. இருதயம்மாளின் கை பட்டாணியில் அப்படியே நின்றது.

“யாருலே இந்த ஆம்பள?”

மைக்கேல் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். “ஏம்மா, இத நாப்பத்தஞ்சுலல்லா போடணும்! பஹார்கஞ்ச்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல லேபிள் அடிச்சோம். மாதிரிக்கு ஒரு பெரிய தட்டக் குடுத்தோம். அந்த ஆளு அதுல இருந்த முப்பத்திமூணையும் சேத்து அடிச்சுட்டான். திரும்ப அடிக்க வழியில்ல. வாங்குன இருநூறு பேர்ட்டயும் வாயால சொல்லிட்டோம்.”

சுபிக்ஷா முள்ளைத் தூக்கித் தட்டின் தொடக்கத்தில் வைத்தாள். வேகத்தை நாற்பத்தைந்துக்குத் தள்ளினாள்.

டிரம்ஸ் துள்ளிக் குதித்தது. பேஸ் கிட்டார் ஆடு ஆடு என்று இடுப்பைப் பிடித்து இழுத்தது. அதன்மேல் ஒரு பெண், இருபது இருபத்தொரு வயது இருக்கும், சிரிப்பை அடக்க முடியாமல் கணீரென்று பாடினாள். பூதம் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு வருடம் பழகிய மனிதர் கண்ணெதிரே செத்துப்போனதுபோல் சுபிக்ஷாவுக்குத் துக்கமாக இருந்தது. அதே சமயம் கால் தாளம் போட்டது. காலுக்கு என்ன வெட்கம்!

பாட்டு முடிந்ததும் இருதயம்மாள் பட்டாணியை ஒதுக்கி வைத்தார்.

“நைட் டூட்டி முடிச்சு நேரா வந்து பாடுனது” என்றார். பிறகு, “அந்த ஆம்பளய எத்தன பேரு தேடுறாங்க?”

“நானூறு பேருக்கு மேல, ஆன்ட்டி.”

“என்னய யாரும் தேடல, என்ன?”

சுபிக்ஷாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “நானும் அவரத்தான் ஆன்ட்டி தேடினேன். சாரி.”

ஒப்பந்தத்தை எடுக்கவே கூசியது. அதில் ‘பாடகர்: அடையாளம் தெரியாத ஆண்’ என்று அவளே தட்டச்சு செய்திருந்தாள். இருதயம்மாள் அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பேனா கேட்டார். நோயாளியின் தாளில் திருத்துகிற மாதிரி, அடித்தது என்னவென்று தெரியும்படி ஒரே ஒரு கோடு. மேலே தன் பெயர். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, மணி: 11.40. ஒப்பந்தத்தில் வேகம் 33 என்று இருந்ததற்கும் அதே மரியாதை.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் போனவரை சுபிக்ஷா தயங்கித் தயங்கித் தடுத்தாள். “ஆன்ட்டி, மத்லப்... அதாவது, தட்டுல ஒரு பக்கம் இது. இன்னொரு பக்கம் அந்த ஸ்லோ பாட்டையும் போடலாமா? எனக்கு அது ரொம்ப ஆசை.”

“அத மறுபடி போடு.”

பூதம் மறுபடியும் பாடியது. இம்முறை இருதயம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். உதடு மட்டும் மெதுவாகக் கூடவே அசைந்தது. முடிந்ததும் கையெழுத்தைப் போட்டுத் தாளை நீட்டினார்.

“போட்டுக்கோ. ஆனா அந்த ஆம்பள பாட்டுக்கும் எம்பேரத்தான் போடணும். பாடுனது நாந்தான?”