கன்னிமார் பாறையில் பூக் கேட்டல்

மேட்டூரில் பெரிய அணை கட்டி முடித்த மறு வருஷம், மலையடிவாரத்து அருவியை ஒட்டி இந்தச் சின்ன அணை எழுந்தது. ஆற்றைக் கால்வாயில் திருப்பி, குழாயில் இறக்கி, கீழே ஒரு மில்லுக்கு மின்சாரம் எடுத்தார்கள். ஓவர்சியர் அர்த்தநாரிக்கு மதகடியில் வேலை. மனைவி பழனியம்மாள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலைக்குப் போனான், வந்தான்.

கால்வாயின் வாயில் கம்பித் தட்டி ஒன்று உண்டு. அதில் அடைகிற செத்தையைக் கூலியாள் ரங்கன் வாரிப் போடுவான். செத்தையோடு எப்போதும் செவ்வரளிப் பூ கிடக்கும்.

"கலியாணப் பூவுங்க," என்றான் ரங்கன் ஒருநாள். "இப்பெல்லாம் ஒண்ணு உடாம இங்கதானுங்க வருது."

அருவிக்குச் சற்று மேலே, ஆற்றின் நடுவில் கன்னிமார் பாறை. பெண் கொடுக்குமுன் அங்கே பூ விட்டுக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். பூ பாறைக்கு வலப்பக்கமாகப் போய் அருவியில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் போனால் அந்த இடம் வேண்டாம். கால்வாய் வெட்டியிருந்தது இடப்பக்கத்தில்.

அர்த்தநாரிக்கு அன்றே விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆவணியில் மாமியார் மாரக்காள் இளைய மகள் அத்தாயியோடு வந்தாள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இப்பிடி எளச்சுட்டீங்க? சோத்துக்கு என்ன பண்றீங்க?"

"ரங்கன் பொங்கறானுங்க அத்தை."

"அவம் பொங்கறதெ அவனே திங்கமாட்டானே."

"காதுல உளுகுதுங்க ஆத்தா," என்றான் தட்டியருகே ரங்கன்.

மாரக்காள் குரலைத் தாழ்த்தினாள். "அத்தாயிய உங்களுக்கே குடுத்தர்லாம்னு நெனப்புங்க சாமி. கன்னிமாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டர்லாமா?"

"கேளுங்க," என்றான். பூ இடப்பக்கம் வரும். அவன் வாய் திறந்து மறுக்க வேண்டியதில்லை.

அவள் அரளி பறிக்கப் போனாள். அத்தாயி தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

"இதுவும் தப்பிப்போச்சுன்னா எனக்கு இனி எடமே வராதுங்க மாமா."

"ஏன்?"

"ரெண்டு எடத்துக்குக் கேட்டாச்சு. ரெண்டும் எடப்பக்கம். கன்னிமாரே தள்ளுன பொண்ணுன்னு ஊர்ல பேசறாங்க." தாய் போன பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "அதுல ரெண்டாவதாக் கேட்ட புதுச்சத்திரத்துக்காரரு இன்னும் எங்கயும் பொண்ணு பாக்கலையாமுங்க."

அர்த்தநாரி பாறையை நோக்கி நடந்தான். மாரக்காள் முழங்கால் தண்ணீரில் நின்று பூவை நீட்டியிருந்தாள்.

"உடாதீங்க அத்தை. கன்னிமார் ஒண்ணும் சொல்லலைங்க. எங்க கால்வாய்தான் பூவை இழுக்குது. இந்த வருசம் உட்ட பூவெல்லாம் எங்க கம்பியில கெடந்துச்சு."

அவள் அவனையே பார்த்தாள். "தெரிஞ்சுமா சாமி வாயத் தெறக்கலே?"

அவன் தண்ணீரில் இறங்கி அவளருகே போனான்.

"செரி," என்றாள் மாரக்காள். "அந்தக் கால்வாய்க் கதவெ மூடச் சொல்லுங்க. கேட்டுப்புடலாம்."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. கதவை மூடினால் பூ எந்தப் பக்கமும் போகலாம்.

"மூடச் சொல்றனுங்க. எனக்குக் கேக்க வேண்டாம். அத்தாயி மேல ஒரு கொறையும் இல்லீங்க. எனக்குத்தான் மனசில்லை. புதுச்சத்திரத்துக்கே கேளுங்க."

"பழனிய நெனச்சுங்களா?"

"தெரியலைங்க அத்தை."

மாரக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அர்த்தநாரி கை காட்ட, ரங்கன் மதகின் சக்கரத்தைச் சுற்றினான். கதவு இறங்கியது. ஆறு அணையில் முட்டி ஏறி, அணை மேலாக அருவிக்கு வழிந்தது. வெளுத்துக் கிடந்த அருவிப் பாறைகள் நனைந்தன. அத்தாயி தாயின் கையிலிருந்து பூவை வாங்கித் தானே விட்டாள். அது பாறையில் மோதி நின்றது, சுழன்றது, வலப்பக்கமாக விலகி அருவிக்குள் போனது. மாரக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மதகடி அறையில் டெலிபோன் அலறியது. ரங்கன் ஓடிப்போய்த் திரும்பினான்.

"கீழ மில்லு நின்னுபோச்சாமுங்க. யாரு மூடச் சொன்னதுன்னு கேக்கறாங்க."

"நான்தான்னு சொல்லு."

"வேலை போயிருமுங்க!"

"சொல்லிட்டு ஊருக்குள்ள ஓடு. பூ தப்புன ஊட்டுக்காரங்கள எல்லாம் வரச் சொல்லு. அதுவரைக்கும் கதவு மூடியே கெடக்கட்டும்."