சோளநாற்றும் கருப்பட்டியும்

ஐம்பத்தொன்றாம் வருஷப் பஞ்சத்தில், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வண்டி கட்டி சங்கரன்கோவில் வந்தான் மருதப்பன். பனவடலிசத்திரத்துச் சம்சாரி, உழுது பிழைக்கிறவன். அந்த வருஷம் அவன் படப்பில் வைக்கோல் இல்லை. முழங்கால் உயரத்தோடு நின்றுபோன கோடைச் சோளத்தைப் பிடுங்கி மாடுகளுக்கு எடுத்து வந்திருந்தான். கதிர் வராமல் வாடிய சோளம் மாட்டைக் கொல்லும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. முந்தின நாள் ஒரு தூறல் விழுந்தது. விஷம் கழுவிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பஞ்சத்தில் மனுஷன் தனக்குத் தோதானதைத்தான் நினைப்பான்.

ஊருக்கு வெளியே வண்டியை அவிழ்த்து மாடுகளுக்கு அந்தச் சோளநாற்றைப் போட்டான். கொஞ்ச நேரம்தான். மயிலைக்காளை மூச்சிரைத்து, நுரை தள்ளி, சாய்ந்து உதைத்துச் செத்தது. மற்றக் காளையான செவலை தள்ளாடி முன்னங்காலை மடித்து விழுந்தது.

"இதுவும் போச்சுன்னா விதைப்புக்கு என்னங்க செய்ய?" என்றாள் அவன் மனைவி கோமதித்தாய். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் கும்பிடவில்லை.

திருவிழாக் கடைக்குக் கருப்பட்டிப் பெட்டியைச் சுமந்துபோன வியாபாரி மைதீன் நின்றார். தரையில் கிடந்த நாற்றைக் காலால் புரட்டினார்.

"யாருவே இதைப் போட்டது?"

"நாந்தான் அண்ணாச்சி."

"மாட்டுக்குப் போட்டதுக்கு நீரே தின்னுருக்கலாம். வாயைப் பிடியும்."

பெட்டியை இறக்கிக் கருப்பட்டிகளைக் கல்லில் உடைத்தார். கோமதித்தாய் குடத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். மாட்டுக்கு மருந்து புகட்ட வண்டியில் வைத்திருந்த மூங்கில் குழாயால், புரையேறாதபடி மெல்ல மெல்ல ஊற்றினார்கள்.

"பொழைக்குமா அண்ணாச்சி?"

"நான் என்ன படைச்சவனா? எங்க மச்சானுக்கு ஆறு ஆடு இப்படி விழுந்துச்சு. நாலு செத்துச்சு. கருப்பட்டித்தண்ணி உள்ளே போன ரெண்டும் எந்திரிச்சுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஊத்தும்வே, பேசாதேயும்."

பாதிப் பெட்டி காலியானது. வெயில் சாய்கிற நேரத்தில் செவலையின் மூச்சிரைப்பு தணிந்தது. காதை ஆட்டியது. பிறகு பின்னங்காலை ஊன்றி எழுந்து, நின்ற இடத்திலேயே சாணி போட்டது.

"இனி கவலையில்லை," என்றார் மைதீன். "ஒத்தை மாடு இருக்கிறவன் எவனாவது உம்ம ஊர்ல இருப்பான். அவன்கூடச் சேர்ந்து உழும்."

நன்றியை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம் மருதப்பனுடையது. துண்டைச் சும்மாடு கூட்டி, மீதிக் கருப்பட்டிப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தான்.

"ஏய், என்னவே இது? இறக்கும். ஆளுக பாக்காக."

"பாக்கட்டும் அண்ணாச்சி. நீங்க முன்னால நடங்க."

கோமதித்தாயைச் செவலைக்குக் காவல் வைத்துவிட்டுக் கிளம்பினான். அடுத்தவன் சுமையைச் சம்சாரி தன் தலையில் சுமக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. ரதவீதியில் அவன் ஊர்க்காரர்கள் இருவர் வாயைப் பிளந்தார்கள். அவன் கழுத்தைத் திருப்பவில்லை. வெறுங்கையை வீசி நடந்துபோகக் கூசிய மைதீனின் முதுகைப் பார்த்துக்கொண்டே கடை வரைக்கும் நடந்தான்.