கூரைக்கு வைத்த பசை

1

இந்தக் கதை 'பசை' என்ற ஒரே சொல்லால் வந்த வினை.

2004-இல், சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்திய சீனிவாசகம் அண்ணாச்சி ஒரு வீட்டு வண்டி செய்வித்தார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர்; உள்ளே கட்டிலும் அடுப்பும் உண்டு. பெயர் 'நடமாடும் நாள்காட்டி மாளிகை'. (மாளிகையில் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும்.)

கூரை ஒழுகியது. "பசை வச்சு அடைங்கலே" என்று போனில் உத்தரவிட்டார். அவர் சொன்னது, கடையில் டியூபில் விற்கிற சிலிகான் பசை. பைண்டிங் ஆட்களுக்கோ உலகத்தில் பசை ஒன்றுதான். மைதா காய்ச்சி, எறும்பு வராமலிருக்கத் துத்தமும் போட்டு, ஒரு வாளி நிறையப் பூசிவிட்டார்கள். அடுத்த மழையில் மாளிகைக்குள் கூழ் இறங்கியது.

2

மழைத்துளி ஒன்று யோகலட்சுமியின் கன்னத்தில்

(இந்த வரியை அடித்துவிட்டேன். இந்த மாவட்டத்தில் ஒரு கதைக்கு ஒரு மழைதான் கட்டுப்படியாகும்.)

யோகலட்சுமி பதினோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். போன பங்குனியில் அவளுக்குப் பக்கத்து அறை வெடித்து இல்லாமல் போனது, அறையில் இருந்தவர்களும். இப்போது கணவன் பாண்டிமுருகன் ஜீப் ஓட்ட, இந்த வண்டியிலேயே தங்கி ஊர் ஊராக அண்ணாச்சியின் காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கப்போகிறாள். ஆடிப்பெருக்கான இன்று காலை, காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளிவந்தது. நாளை மறுநாள் பயணம். ஆல்பம் நனைந்தால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் மறுபடி அந்தக் கம்பெனிதான்.

3

பாண்டிமுருகன் வண்டியின் ஜன்னல் விளிம்பில் காலை வைத்துக் கூரைக்கு எம்பப் போனான்.

"ஏங்க, எறங்குங்க. அது கூரையில்ல, அப்பளம்."

தகரத்துக்குக் கீழே முழத்துக்கு ஒரு மரச்சட்டம். சட்டத்தில் மிதித்தால் கூரையில் நிற்கலாம். நடுவில் மிதித்தால் கட்டிலில் நிற்கலாம். அவள் ஏணியைச் சாய்த்து, மேல்முனையைக் கயிற்றால் கட்டச் சொன்னாள். சட்டங்களுக்குக் குறுக்கே இரண்டு பலகை போட்டாள். செருப்பைக் கழற்றினாள். பிறகு ஏறாமல் நின்று, இறங்குகிற இடத்தைப் பார்த்தாள். அங்கே கிடந்த கல்லைக் காலால் தள்ளினாள்.

"ஏறவே இல்ல, அதுக்குள்ள எறங்குற எடமா?"

"ரூமுக்குள்ள போகுமுன்ன வெளிய வர்ற வாசலப் பாத்து வச்சுக்கணும். பதினோரு வருசம் அப்படித்தான் போனேன்."

(இங்கே ஒரு நையாண்டி வாக்கியம் வைத்திருந்தேன். எழுத வரவில்லை.)

பலகையில் மண்டியிட்டு, பழைய மைதாவைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, தகரத்தின் மூட்டிலும் ஒவ்வொரு ஆணித்தலையிலும் சிலிகானை விரலால் நீவினாள். அப்போது அண்ணாச்சி போட்டோக்காரரோடு வந்து சேர்ந்தார்.

"நானும் மேல நின்னு ஒரு படம் எடுத்துக்கிடுதேன்."

"ஏறிருவீக அண்ணாச்சி. எறங்குறது கட்டில் வழியாத்தான். பரவாயில்லையா?"

அண்ணாச்சி தன் வயிற்றைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார்.

"ஏணியப் பிடிங்க. அதுவும் போட்டோல விழும்."

பிடித்தார். நன்றாகவே பிடித்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

4

மறுநாள் மாலை பசை காய்ந்திருந்தது. பாண்டிமுருகன் பலகையில் மண்டியிட்டு, தண்ணீர்க் குடத்தைக் கூரையில் சாய்த்தான். யோகலட்சுமி உள்ளே, பழைய கறைக்கு நேர்கீழே உள்ளங்கையை ஏந்தி நின்றாள்.

முடிவு அ: ஒரு சொட்டு விழுகிறது. அவள் மறுபடி கம்பெனி பஸ்ஸில்

(முடியாது. அந்த பஸ்ஸில் அவளை என்னால் ஏற்ற முடியாது.)

முடிவு ஆ: கை உலர்ந்தே இருக்கிறது. அண்ணாச்சி மாளிகையின் முன் நின்று, 'எனது நேரடி மேற்பார்வையில்' என்று உரையாற்றுகிறார். (இது நடக்கக்கூடியது என்பதால்தான் எரிச்சல்.)

குடம் காலியாகிவிட்டது. அவள் இன்னும் கையேந்தியபடி நிற்கிறாள். நானோ, இறங்குகிற இடத்தைப் பார்க்காமலே இந்தக் கதையில் ஏறிவிட்டவன். கீழே நிற்பது நீங்கள்தான். ஏணியைக் கொஞ்சம் பிடியுங்கள், அண்ணாச்சியே பிடித்தாரே.