இருபத்தேழாம் அறை

டுவேன் மிக்கெல்சன் அனுப்பிய அட்டைப்பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது பூஞ்சை நாற்றம். முப்பத்தெட்டு வருடம் அவன் வீட்டு அடித்தள அறையில் கிடந்த புத்தகங்கள். மேலே ஒரு சீட்டு வைத்திருந்தான். "சனிக்கிழமை மதியம் ஆட்டம். இதையெல்லாம் ஒரு புரட்டு புரட்டிட்டு வா, இருபத்தேழு."

இருபத்தேழு என்பது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் கிரெட்சன்.

1987 குளிர்காலம் முழுவதும் ரசீன் என்ற ஏரிக்கரை நகரத்தில் டுவேன் வீட்டு அடித்தளத்தில் நாங்கள் நான்கு பேர் பகடை உருட்டிக் கதை விளையாடினோம். ஆட்டத்தை நடத்துகிறவன் டுவேன். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சாகசப் புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, சேற்றுக் கோட்டையின் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவன் சொல்வான். ரோலியும் என் தம்பி ஆர்வினும் நானும் உள்ளே போகிறவர்கள். கதவைத் திறக்கிறோம், சண்டை போடுகிறோம், ஓடுகிறோம் என்று வாயால் சொல்வதுதான் விளையாட்டு. என் பாத்திரம் ஓர்லா என்கிற திருடி. பூட்டுகளையும் பொறிகளையும் பார்ப்பது அவள் வேலை. கோட்டையின் புதிர்களில் பாதியை நான்தான் அவிழ்த்தேன். இப்போது சொன்னால் தற்பெருமை, ஆனால் உண்மை.

இருபத்தேழாம் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை என்றான் டுவேன். அடியில் ஈரமிருக்கிறதா என்று கேட்டேன். காய்ந்திருக்கிறது என்றான். திறந்தேன். வெள்ளம் வந்து மூன்று பேரும் செத்தோம். ஒரு குளிர்காலம் முழுக்க வளர்த்த பாத்திரங்கள். ஆர்வின் தன் பாத்திரத்தின் விவரத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுதான், அவனுக்குப் பதினாலு வயது. அடுத்த வாரம் நான் போகவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சின்னப் பிள்ளை விளையாட்டு, இதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பதினாறு வயதில் ஒன்று புத்தியில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை. நான் முடிவெடுத்தால் கூட இருப்பவர்கள் மூழ்குவார்கள் என்று ஏறிவிட்டது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனேன். படம் என்னுடையது, முடிவு டாக்டருடையது. வீடு வாங்கும்போது அடித்தளத்தில் ஈர வாடை மூக்கில் ஏறியது. என் கணவரும் தரகரும் பிரமாதம் என்றார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது வசந்தத்தில் முழங்கால் வரை தண்ணீர். வாளியோடு வந்து உதவிய ஆர்வின் படியில் நின்று, "கதவைத் திறந்தது யாரு, இருபத்தேழா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் துணைப் புத்தகங்கள், ஆட்டக்காரர்களும் படிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டவை. சமையலறை மேசையில் கையுறை போட்டுக்கொண்டு புரட்டினேன். இதையா உயிரை விட்டுப் படித்தோம் என்றிருந்தது. பெண் பாத்திரத்துக்கு உடல் பலம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஒரு அட்டவணை. சந்தை விலைப்பட்டியலில் கழுதைக்குக் கீழே அடிமைப்பெண், கழுதையைவிட மலிவாக. பனிமலையில் ஏறும் வீராங்கனைக்கு இரண்டு தகடும் ஒரு சங்கிலியும்தான் உடை, பக்கத்தில் நிற்கும் ஆணுக்குக் கழுத்து வரை கம்பளி. நாற்பது பூதங்கள் வாழும் குகையில் ஒரு கழிப்பறை இல்லை. எழுதியவனுக்கு அம்மா இருந்தாளா, இருந்திருந்தால் இதைப் பார்த்தாளா என்று யோசித்தேன். அந்த வயதில் நான் இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பேசாமல் என் பலத்தைக் குறைத்து எழுதிக்கொண்டேன் என்பதுதான் அதிகம் குமட்டியது.

கடைசிப் புத்தகத்தின் பின்னட்டையில் வேறொன்று பூஞ்சையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்ணெய்க் கத்தியால் பிரித்தேன். சேற்றுக் கோட்டையின் சாகசப் புத்தகம். டுவேன் தொலைந்துபோனதாகச் சொன்ன அதே பிரதி.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டக்காரர் சாகசப் புத்தகத்தைப் படிக்கக் கூடாது. என்றாவது மறுபடி ஆடலாம், முன்கூட்டியே தெரிந்துகொள்வது பிறர் கடிதத்தைப் பிரிப்பது போல. கடைகளில் எத்தனையோ தடவை கண்ணில் பட்டும் நான் தொட்டதில்லை. ஐம்பத்து நாலு வயதுக்காரி, யாரும் பார்க்காத சமையலறையில், திறப்பதற்கு முன் கால் மணி நேரம் தயங்கினேன் என்றால் நம்புவீர்களா?

அச்சில் இரண்டு வரிதான் இருந்தது. "இருபத்தேழு: காலியான கிடங்கு. உடைந்த பீப்பாய்கள். வீரர்கள் இங்கே ஆபத்தின்றி ஓய்வெடுக்கலாம்." ஓரத்தில் டுவேனின் பென்சில் எழுத்து: "வெள்ளம். கிரெட்சன் திறந்தால் மட்டும். வேறு யார் திறந்தாலும் காலி அறை."

கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பிரதியைப் பைக்குள் வைத்தேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. அந்த மூன்று பேரில் ஒருவன், மற்ற இருவர் முன்னால், என் முகத்தைப் பார்த்து "உன் தப்பில்லை" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சனிக்கிழமை போனேன்.

டுவேனின் கராஜில் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஏரிக்காற்று கதவிடுக்கில் ஊளையிட்டது. மேசையில் பீர், பிக்கான் பருப்பு வைத்த கிரிங்கிள் என்கிற இனிப்பு ரொட்டி, புதிதாக அச்சிட்ட சேற்றுக் கோட்டை, அதை மறைத்து அதே பழைய அட்டைத் தடுப்பு. முக்காலியில் கேமரா. பழைய சாகசங்களைத் திரும்ப ஆடிக் காட்டும் ஒரு இணையச் சேனல் வைத்திருக்கிறான் டுவேன். தாடி நரைத்துவிட்டது, குரல் மட்டும் பதினேழு வயதிலேயே நின்றுவிட்டது.

"வாங்க தாயே, எந்தக் கதவையும் தொடாம உள்ள வாங்க," என்றான். ரோலி பீர் சிந்தச் சிரித்தான். ஆர்வின் வாய் நிறைய கிரிங்கிளோடு கையை ஆட்டினான்.

கதையைச் சுருக்கி நேரே அந்தத் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்தான் டுவேன். "எதிரே வெண்கலக் கதவு. மேலே இருபத்தேழுன்னு செதுக்கியிருக்கு. யார் திறக்கறீங்க?" மூன்று பேரும் என்னையே பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

பையிலிருந்து பழைய பிரதியை எடுத்து மேசையில் வைத்தேன். அச்சிலிருந்ததை வாசித்தேன். பிறகு பென்சிலை வாசித்தேன்.

டுவேன் பிரதியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"அட, இது உன்கிட்டயா வந்து மாட்டிக்கிச்சு," என்றான் டுவேன். "அப்ப நமக்கு என்ன வயசு கிரெட்சன். நீ எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடற, பசங்க சும்மா உக்காந்து பாத்துட்டிருக்கானுங்க. ஆட்டமே படுத்துடும் போல இருந்துச்சு. நடத்துறவன் ஏதாவது பண்ணித்தானே ஆகணும்?"

"உனக்குத் தெரியுமா?" என்று ரோலியைக் கேட்டேன்.

"தொண்ணூத்தொண்ணுல ஒரு காப்பி வாங்கினேன். படிச்சேன்." பாட்டில் லேபிளை நகத்தால் சுரண்டினான். "சொல்லியிருக்கலாம். ஆனா அந்த ஜோக் நல்லா ஓடிட்டிருந்துச்சே."

ஆர்வின் கிரிங்கிளை விழுங்கினான். "நான்தான் கேட்டேன்," என்றான். "டுவேன் கிட்ட. உன்னை எப்படியாவது கழட்டி விடுன்னு. அம்மா உன்னையும் கூட்டிட்டுப் போனாத்தான் என்னை விடுவேன்னுட்டா. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அதுலயும் நீ வந்து முதல்ல நின்னுட்ட."

பதினாலு வயதுப் பையன் அப்படிக் கேட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அவனை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். ஆனால் என் வீட்டுப் படியில் வாளியோடு நின்று, எல்லாம் தெரிந்தே "இருபத்தேழா?" என்று கேட்டவனுக்கு வயது ஐம்பது. அவனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. என் தம்பி, என் அப்பாவின் மூக்கு, உதட்டில் சர்க்கரை.

"வேற ஏதாவது சொல்லணுமா யாராவது?" என்று கேட்டேன். போதுமான நேரம் கொடுத்தேன். ரோலி இன்னொரு பீரைத் திறந்தான், ஆர்வின் உதட்டைத் துடைத்தான்.

டுவேன் எழுந்து கேமராவைக் குனிந்து பார்த்தான். "ச்சே, ஓடவே இல்ல," என்றான். அவன் முகத்தில் உண்மையான வருத்தத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். "கிரெட்சன், இது செம மேட்டர். புத்தகத்தை எடுத்து வைக்கிறதுல இருந்து இன்னொரு தடவை பண்ணிடலாமா? இதே மாதிரி, இதே கோவத்தோட."

காறித் துப்பலாம் போலிருந்தது. நான் ஆர்வினைப் பார்த்தேன்.

"பண்ணிடேன்," என்றான் அவன். "ரெண்டு நிமிஷம்தானே."

"சரி," என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. புத்தகத்தை எடுத்து வைத்தேன். அச்சை வாசித்தேன், பென்சிலை வாசித்தேன். பிறகு கேமராவைப் பார்த்துப் பேசினேன். "இதை எழுதினது டுவேன் மிக்கெல்சன். தெரிஞ்சும் முப்பத்து நாலு வருஷம் சிரிச்சது ரோலி வ்ரானா. என்னைத் துரத்தச் சொன்னது என் கூடப் பிறந்த தம்பி ஆர்வின் ஹால்வர்சன். என் வீட்ல தண்ணி புகுந்தப்பவும் அதைச் சொல்லித்தான் கிண்டல் பண்ணினான். நான் காது வெச்சுக் கேட்டேன், ஈரம் இருக்கான்னு கேட்டேன், அப்புறம்தான் திறந்தேன். என் தப்பு எதுவுமில்ல."

மூன்று பேரிடம் எதிர்பார்த்த வார்த்தையை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆர்வின் வெளுத்துப்போனான். அவன் பள்ளியில் துணை முதல்வர். அவனுடைய மாணவர்களில் பாதிப்பேர் டுவேனின் சேனலைப் பார்க்கிறவர்கள். "டுவேன், என் பேர் வர்ற இடத்தை அழிச்சிடு."

டுவேன் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரக்கூட இல்லை. "அதுதான்டா இதுல உயிரே," என்றான்.

ஆர்வின் என் பக்கம் திரும்பினான். "கிரெட்சன், நீயாவது வேணாம்னு சொல்லு. நீ சொன்னா அழிச்சிடுவான்."

டுவேனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ரோலியும் பார்த்தான். மூன்று பேரும் என் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

இருக்கட்டும், அழிக்க வேண்டாம் என்றேன்.